எல்லை தாண்டும் பாட்டில்

நாசிக்கில் சட்டப்படி வாங்கிய ஒயின் இரண்டு மணி நேரப் பயணத்தில் குற்றத்தின் தடயமாகிவிடலாம். மாநிலத்துக்கு மாநிலம் மாறும் மதுச் சட்டங்களின் நடுவே திண்டாடுபவர் பயணி.

பாட்டிலின் பின்பக்க லேபிளை யாரும் படிப்பதில்லை. திராட்சை எங்கே விளைந்தது, எந்த உணவோடு சேர்த்தால் ருசிக்கும் என்ற வர்ணனைகளுக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவேண்டிய பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 'மகாராஷ்டிர மாநிலத்தில் மட்டும் விற்பனைக்கு.' நாசிக்கின் ஒயின் பண்ணைகளில் ஒன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஞாபகார்த்தமாக இரண்டு பாட்டில்கள் வாங்கிக் காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு கிளம்பும் குடும்பத் தலைவருக்கு அந்த வரி முக்கியமாகப் படாது. ஆனால் செக்போஸ்ட்டில் நிற்கும் காவலர் முதலில் படிப்பது அதைத்தான். நாசிக்கிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டினால் சாபுதாரா. குளிர்ந்த காற்று, ஏரி, படகுச் சவாரி என்று மலைவாசஸ்தலத்துக்குரிய சகல லட்சணங்களும் கொண்ட ஊர். ஒரே ஒரு வித்தியாசம், அது குஜராத்தில் இருக்கிறது. இந்தியாவின் 'ஒயின் தலைநகர்' என்று பெயர் வாங்கிய மாவட்டத்துக்கு அடுத்த வீடு, பிறந்த நாளிலிருந்து மதுவிலக்கைக் கைவிடாத மாநிலம்.

இந்தக் குழப்பத்தின் வேர் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. போதை தரும் மதுவைத் தயாரிப்பது, வைத்திருப்பது, கொண்டுசெல்வது, வாங்குவது, விற்பது எல்லாமே மாநிலப் பட்டியலின் 8-வது இனம். அதன்மீது கலால் வரி போடுவது 51-வது இனம். போதாததற்கு, மருத்துவக் காரணங்களுக்குத் தவிர மதுவைத் தடைசெய்ய அரசு முயலவேண்டும் என்கிறது 47-வது ஷரத்து. ஒரே சமயத்தில் மதுவை ஒழிக்கவும் அதிலிருந்து வருமானம் பார்க்கவும் மாநிலங்களுக்கு இப்படி ஆணையும் அதிகாரமும் கிடைத்தன. 2017-ல் நாடு முழுவதற்கும் ஒரே வரி என்று ஜி.எஸ்.டி. வந்தபோதும், குடிக்கும் மதுவை மாநிலங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. சோப்பும் சிமெண்டும் எல்லை தாண்டுவது சுலபமாயிற்று. மதுவுக்கு மட்டும் ஒவ்வொரு மாநிலமும் இன்னமும் தனி தேசம். மது வியாபாரம் யாருடைய அடிப்படை உரிமையும் அல்ல என்று கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. 2024 அக்டோபரில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், தொழிற்சாலைகளுக்கான ஆல்கஹாலும்கூட மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்து அந்த அதிகாரத்தை இன்னும் அகலமாக்கியது.

குஜராத்தில் அமலில் இருப்பது 1949-ம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம். 1960 மே 1-ல் பம்பாய் மாகாணம் இரண்டாகப் பிரிந்தபோது சட்டத்தையும் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள். குஜராத் அதை அட்சரசுத்தமாகக் கடைப்பிடிக்க முயன்றது. மகாராஷ்டிரம் புத்தகத்தில் வைத்துக்கொண்டு நடைமுறையில் தளர்த்திவிட்டது. ஆனால் வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர் குஜராத்தில் ஒயின் வாங்கவே முடியாது என்பதில்லை. அடையாள அட்டை, வந்து சேர்ந்ததற்கான பயண டிக்கெட் ஆகியவற்றைக் காட்டி விண்ணப்பித்தால் ஒரு வாரத்துக்குப் பர்மிட் கிடைக்கும். தேவைப்பட்டால் நீட்டித்துக்கொள்ளலாம். பெரிய ஓட்டல்கள் சிலவற்றில் இதற்கென்றே பர்மிட் கடைகள் இருக்கின்றன. வாங்குவது 'யூனிட்' கணக்கில். விஸ்கிக்கு ஒரு கணக்கு, பீருக்கு ஒரு கணக்கு, ஒயினுக்கு இன்னொரு கணக்கு. வாங்கியதை அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கவேண்டும். ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் கிளாசை உயர்த்தி வாழ்த்துச் சொல்லும் கனவெல்லாம் கூடாது. கடையில் இருக்கும் சொற்ப ஒயின் வகைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற சங்கடம் அனேகமாக எழாது.

ரசீதும் முத்திரையும் கையெழுத்துமாக நடக்கும் இந்தச் சடங்கைக் கேலி செய்வது சுலபம். கேலிக்கு அப்பால் ஒன்று இருக்கிறது. வெளியூர்க்காரர் டிக்கெட்டைக் காட்டி வாங்குகிறார். உள்ளூர்க்காரர், வயது நாற்பதைத் தாண்டியிருந்து, உடல்நலத்துக்கு மது அவசியம் என்று மருத்துவக் குழுவிடம் சான்றிதழ் பெற முடிந்தால், 'ஹெல்த் பர்மிட்' வாங்குகிறார். வசதியுள்ளவர்கள் வார இறுதியில் டாமனுக்கோ டையூவுக்கோ ராஜஸ்தானின் மவுண்ட் அபுவுக்கோ போய்வருகிறார்கள். கூலித் தொழிலாளிக்கு இவை எதுவும் இல்லை. 2009 ஜூலையில் அகமதாபாத்தில் கள்ளச்சாராயம் நூறு பேருக்கு மேல் பலி வாங்கியது. 2022 ஜூலையில் போட்டாத் வட்டாரக் கிராமங்களில் மெத்தனால் கலந்த திரவத்தைக் குடித்து நாற்பதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். மதுவிலக்கு மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. அரசாங்கமே கடை நடத்தும் தமிழ்நாட்டில், கள்ளக்குறிச்சியில், 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அதே மெத்தனாலுக்கு இரையானார்கள். இரண்டு இடங்களிலும் இறந்தவர்கள் பெரும்பாலும் ஒரே வர்க்கத்தினர்.

2023 டிசம்பரில் காந்திநகரை ஒட்டிய கிஃப்ட் சிட்டியில், அங்கே வேலை பார்ப்பவர்களும் அவர்களைப் பார்க்க வரும் அதிகாரபூர்வ விருந்தினர்களும் ஓட்டல்களிலும் கிளப்புகளிலும் மது அருந்தலாம் என்று குஜராத் அரசு கதவைச் சற்றே திறந்தது. சர்வதேச நிதி நிறுவனங்களை வரவழைக்கவேண்டுமே! பாட்டிலாக வாங்கிக்கொண்டு வெளியேற அந்த அறிவிப்பில் இடமில்லை.

குஜராத்தின் பர்மிட்டாவது உண்டு. பீகாரில் அதுவும் இல்லை. 2016 ஏப்ரல் 5 முதல் முழு மதுவிலக்கு. அந்த அறிவிப்பைப் பாட்னா உயர் நீதிமன்றம் செப்டம்பர் 30 அன்று ரத்து செய்தது. இரண்டே நாளில், காந்தி ஜெயந்தியன்று, இன்னும் கடுமையான புதிய சட்டத்தை அரசு அமலுக்குக் கொண்டுவந்தது. சுற்றுலாப் பயணி, புத்தகயாவுக்கு வரும் வெளிநாட்டவர், கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் என்று எவருக்கும் சலுகை இல்லை. டெல்லியிலிருந்து கொல்கத்தாவுக்கோ கவுஹாத்திக்கோ போகும் ரயில்களில் பல பீகாரைக் கடந்துதான் போகின்றன. பெட்டியில் தூங்கிக்கொண்டிருக்கும் பயணிக்கு எல்லை தெரியாது. சட்டத்துக்குத் தெரியும். ஆரம்பத்தில் சிறை என்பதே விதியாக இருந்தது. வழக்குகள் குவிந்து, ஜாமீன் மனுக்களில் நீதிமன்றங்கள் மூச்சுத் திணறின. முன்யோசனையில்லாமல் சட்டம் இயற்றுவதற்கு உதாரணமாக அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா 2021 டிசம்பரில் விஜயவாடாவில் பேசும்போது பீகாரின் இந்தச் சட்டத்தைத்தான் குறிப்பிட்டார். 2018-லும் 2022-லும் சட்டம் தளர்த்தப்பட்டது. இரண்டாவது திருத்தத்தின்படி, குடித்துவிட்டு முதன்முறை பிடிபடுகிறவர் ரூ. 2,000 முதல் ரூ. 5,000 வரை அபராதம் கட்டிவிட்டுப் போகலாம். கட்டமுடியாவிட்டால் ஒரு மாதம் சிறை. பாட்டிலோடு பிடிபடுகிறவரின் கதை வேறு.

ஒயின் விளையும் மாநிலத்திலேயே பயணிக்கு நிம்மதி உண்டா? மகாராஷ்டிரத்தில் மது அருந்துகிறவர் பர்மிட் வைத்திருக்கவேண்டும் என்கிறது ஏடு. ஒரு நாளைக்கு ரூ. 5, நாட்டுச் சரக்குக்கு ரூ. 2, ஓர் ஆண்டுக்கு ரூ. 100, ஆயுளுக்கும் என்றால் ரூ. 1,000. ஐந்து ரூபாய்ச் சீட்டைக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளரைக் கடைக்காரர் விசித்திரப் பிராணியைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார். ஆனால் ரெய்டு வரும் இரவில் அந்தச் சீட்டுக்குத் திடீரென்று மதிப்பு கூடிவிடும். வயதிலும் பேதம் உண்டு. ஒயினுக்கும் பீருக்கும் 21, விஸ்கி வகையறாவுக்கு 25.

இதே மாநிலம்தான் 2001-ல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை வகுத்து ஒயின் தொழிலைச் சீராட்டி வளர்த்தது. அதற்கு முன்பே 1980-களில் நாராயண்காவில் இண்டேஜ் நிறுவனம் ஷாம்பெயின் பாணியில் நுரைக்கும் ஒயின் தயாரித்து ஏற்றுமதி செய்தது. பெங்களூருக்கு அருகே நந்தி மலை அடிவாரத்தில் குரோவர் குடும்பம் பிரெஞ்சு நிபுணர்களின் உதவியோடு திராட்சை பயிரிட்டு 1990-களின் தொடக்கத்தில் ஒயினைக் கொண்டுவந்தது. நாசிக்கில் சூலா தன் முதல் ஒயினை வெளியிட்டது 2000-ல். வெங்காயமும் சாப்பாட்டுத் திராட்சையும் விளைந்த வயல்களில் ஷெனின் பிளாங்க், சொவின்யோன் பிளாங்க் என்று வாயில் நுழையாத பெயர்கள் முளைத்தன. விளைந்ததை வாங்க ஆள் வேண்டும். 2022 ஜனவரியில், 1,000 சதுர அடிக்கு மேற்பட்ட சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயினை அலமாரியில் வைத்து விற்கலாம் என்று மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. விவசாயிகளின் நலனுக்கு என்றார்கள் அமைச்சர்கள். மகாராஷ்டிரம் 'மதுராஷ்டிரம்' ஆகிவிடும் என்றது எதிர்க்கட்சி. அண்ணா ஹசாரே உண்ணாவிரத அறிவிப்பு விடுத்தார். முடிவு கிடப்பில் போடப்பட்டது. அரிசிக்கும் பருப்புக்கும் பக்கத்தில் பாட்டில் நிற்பதா என்ற கேள்வி, குடும்பத்துப் பெண்கள் கூச்சமில்லாமல் வாங்கக்கூடிய இடம் எது என்ற கேள்வியை அமுக்கிவிட்டது.

விவசாயியின் பெயரைச் சொல்லித்தான் எல்லாக் கட்சிகளும் பேசுகின்றன. ஆனால் அவர் விளைவித்த திராட்சை பாட்டிலான பிறகு மகாராஷ்டிரத்தை விட்டு வெளியேறுவதற்குள் படும் பாட்டைப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு லேபிளையும் தனித்தனியாகப் பதிவு செய்யவேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். ஒயின் எவ்வளவு விற்கும் என்பதைப் பொறுத்ததல்ல இந்தக் கட்டணம். நூறு பெட்டி மட்டுமே விற்கக்கூடிய சின்னப் பண்ணைக்கு அது கட்டுப்படியாகாது. அதற்கு மேல் இறக்குமதிக் கட்டணம், கலால், வாட், ஹாலோகிராம் ஸ்டிக்கர். பயணி ஆசைப்பட்டுக் கேட்கும் ஒயின் அடுத்த மாநிலக் கடையில் இல்லாமல் போவதற்குக் கடைக்காரரின் ரசனைக் குறைவு மட்டும் காரணமல்ல. பதிவு செய்யப்படாத லேபிளை அவர் வைத்திருப்பதே குற்றம்.

தலைநகரில் சட்டம் வருஷத்துக்கு ஒரு முறை வேஷம் மாற்றுகிறது. 2021 நவம்பரில் டெல்லி அரசு சில்லறை மது விற்பனையிலிருந்து முற்றிலும் விலகி, தனியாரிடம் கடைகளை ஒப்படைத்தது. பளபளக்கும் கடைகள், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், தெருவை அடைத்த கூட்டம். பத்தே மாதத்தில் விசாரணைகளின் நடுவே கொள்கை வாபஸ் ஆகி, 2022 செப்டம்பர் 1 முதல் நான்கு அரசு நிறுவனங்கள் மறுபடி ஷட்டரைத் தூக்கின. 2023 ஜூனில் மெட்ரோ ரயில் நிர்வாகம் ஒருவர் சீல் உடைக்காத இரண்டு பாட்டில்களை எடுத்துச் செல்லலாம் என்று அறிவித்தது. பயணிகள் மகிழ்ந்தார்கள். கலால் அதிகாரிகள் புருவத்தைச் சுருக்கினார்கள். காரணம், மெட்ரோ ரயில் டெல்லியோடு நிற்பதில்லை. ஒரு பக்கம் உத்தரப் பிரதேசத்துக்கும் இன்னொரு பக்கம் ஹரியானாவுக்கும் போகிறது. வெளியிலிருந்து எவ்வளவு கொண்டுவரலாம் என்பதை அந்தந்த மாநில விதிகளே தீர்மானிக்கின்றன. ரயிலில் அனுமதிக்கப்பட்ட பாட்டில், ஸ்டேஷன் படி இறங்கியதும் அனுமதியில்லாததாக மாறக்கூடும். விமானம் தேவலை. 24 சதவீதத்துக்குக் குறைவான ஆல்கஹால் உள்ள பானத்தை, அதாவது சாதாரண ஒயினை, செக்-இன் பெட்டியில் வைக்க விமானப் பாதுகாப்பு விதிகள் அளவுக் கட்டுப்பாடே விதிப்பதில்லை. இறங்கும் மாநிலம் விதிக்கிறது.

வடகிழக்கில் நிலைமை இன்னும் வினோதம். நாகாலாந்தில் 1989 முதல் மதுவிலக்குச் சட்டம். மிஜோரமில் 1997-ல் வந்தது. ஆனால் மியான்மர் எல்லையை ஒட்டிய சம்பாய் மாவட்டத்தில் ஹ்னாலான் கிராமத்து மக்கள் திராட்சை பயிரிட்டிருந்தார்கள். அவர்களுக்காக 2007-ல் சட்டம் திருத்தப்பட்டு, உள்ளூர்த் திராட்சை ஒயினுக்கு மட்டும் வழிவிடப்பட்டது. 'ஜவ்லைதி' என்று பெயர். காதல் வசிய மருந்து என்று பொருள். 2015-ல் மதுக் கடைகள் திறந்தன. ஆட்சி மாறியபின் 2019-ல் மறுபடி மதுவிலக்கு. 2025 மார்ச்சில், உள்ளூர் விளைபொருள்களிலிருந்து தயாராகும் ஒயினுக்கு இடம் தரும் திருத்தத்தை மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியது. தேவாலயங்களின் சொல்லுக்கும் தோட்டக்காரரின் வயிற்றுக்கும் இடையே ஊசலாடும் சட்டம் இது. மற்ற இடங்களைப்போல் கஜானாவுக்காக அல்ல என்பதால் கொஞ்சம் மரியாதைக்குரியதும்கூட.

தெற்கே வந்தால் பயணியை முதலில் ஏமாற்றுவது மொழி. ஹைதராபாத்தில் தெருவுக்குத் தெரு 'ஒயின்ஸ்' என்று பலகை தொங்குகிறது. தமிழ்நாட்டிலும் 2003-க்கு முன்பு தனியார் நடத்திய கடைகளுக்கு 'ஒயின் ஷாப்' என்றே பெயர். உள்ளே பிராந்தி இருந்தது, ரம் இருந்தது, ஒயின் மட்டும் பெரும்பாலும் இல்லை. சாராயம் என்று சொல்லக் கூசிய சமூகம், அறிமுகமில்லாத ஒரு பானத்தின் பெயரை இரவல் வாங்கிப் போர்வையாகப் போர்த்திக்கொண்டது. 'கலால்' என்ற சொல்லே வடக்கே சாராயம் காய்ச்சும் சமூகத்தின் பெயர்தான். யவனர்கள் கொண்டுவந்த தேறலைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அரிக்கமேட்டு அகழ்வாய்வில் ஒயின் ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. அந்த ஜாடிகள் லேபிள் பதிவில்லாமல் கரையேறியவை.

1983-ல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்ட டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. கேரளத்தில் 1984-ல் பிறந்த பெவ்கோவும் அதே மாதிரி. ஆந்திரத்தில் 2019 அக்டோபரில் அரசு கடைகளைக் கையகப்படுத்தியது. கேள்விப்படாத பிராண்டுகளே கிடைக்கின்றன என்ற புகார் ஐந்து வருஷமும் ஓயவில்லை. ஆட்சி மாறியபின் 2024 அக்டோபரில் குலுக்கல் முறையில் கடைகள் தனியாருக்கே திரும்பின. அரசாங்கக் கடைக்கு ஒயின் ஒரு தொந்தரவு. குவார்ட்டர் பாட்டில் நொடியில் விற்றுப்போகும். ஒயினுக்கு இடமும் குளிர்ச்சியும் பொறுமையும் தேவை. கம்பி வலைக்குப் பின்னால், டியூப் லைட்டின் கீழே, ஏப்ரல் வெயிலின் புழுக்கத்தில் மாதக்கணக்காக நின்ற வெள்ளை ஒயின் வினிகருக்குப் பாதி வழி போயிருந்தால் அதில் தயாரித்தவரின் குற்றம் ஒன்றுமில்லை. பெவ்கோவின் பிரீமியம் கவுண்டர்களிலும் டாஸ்மாக்கின் எலைட் கடைகளிலும் நிலைமை மேல்.

அரசு கடை நடத்தினாலே இப்படித்தான் என்று முடிவு கட்டுவது அவசரம். சுவீடனில் 1955 முதல் சிஸ்டம்போலாகெட் என்ற அரசு நிறுவனத்துக்கு ஏகபோகம். சனிக்கிழமை மத்தியானத்தோடு கடை மூடிவிடும், ஞாயிறு திறக்காது, தள்ளுபடி கிடையாது, இருபது வயது ஆகாதவருக்குத் தரமாட்டார்கள். குடியைக் குறைப்பதுதான் அங்கேயும் சொல்லப்படும் நோக்கம். ஆனால் தலைநகரில் என்ன விலையோ வடதுருவத்தை ஒட்டிய சிற்றூரிலும் அதே விலை. கடையில் இல்லாததை எழுதிக் கொடுத்தால் வரவழைத்துத் தருவார்கள். எந்த ஒயின் எந்த உணவுக்கு என்று விற்பனையாளர் நிதானமாகச் சொல்வார். 2025 ஜூன் முதல் பண்ணைகளும் தங்கள் தயாரிப்பைக் குறைந்த அளவில் நேரடியாக விற்க அனுமதி பெற்றிருக்கின்றன. இங்கே ஏகபோகத்தைக் காப்பியடித்தவர்கள் வாடிக்கையாளருக்கான அந்த மரியாதையை விட்டுவிட்டார்கள்.

கேரளத்தின் வரிசை ஒழுங்கு உலகப் பிரசித்தம். 2020 மே மாதம், ஊரடங்குக்கு நடுவே, வரிசையைக் கைபேசிக்குள் கொண்டுவர அரசே ஒரு செயலி வெளியிட்டது. பல மாதங்களில் முதல் தேதி வறண்ட நாளாகவே கழிந்து பழகிய மாநிலம் அது. வாங்குகிறவருக்கு வயது 23 ஆகியிருக்கவேண்டும். டெல்லியில் 25, தமிழ்நாட்டில் 21, புதுச்சேரியில் 18. ஒரே இளைஞர் ரயிலில் போகப்போக மேஜராகவும் மைனராகவும் மாறிக்கொண்டிருப்பார். கிறிஸ்துமஸ் கேக்கோடு வீட்டு ஒயின் பரிமாறும் கேரளக் குடும்பங்களுக்கு, அதுவும் அப்காரி சட்டப்படி குற்றமே என்று 2019 டிசம்பரில் கலால் துறை ஞாபகப்படுத்தியபோது எழுந்த சலசலப்பு அடங்கச் சில நாட்கள் ஆயின. அந்தச் சட்டத்தின் ஆண்டு 1077. கொல்லம் ஆண்டுக் கணக்கில்.

கண்ணூரிலிருந்து கோழிக்கோடு போகும் பழைய சாலை சிறிது தூரம் கேரளத்தை விட்டு விலகி மாஹேக்குள் நுழையும். சுமார் ஒன்பது சதுர கிலோமீட்டர். புதுச்சேரிக்குச் சொந்தமான இந்தத் துண்டு நிலத்தில் வரி குறைவு, கடைகள் அதிகம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, அகலமே சொற்பமான மாஹே தவித்துப்போனது. கேரளத்தில் வடக்குப் பரவூர் அருகே ஒரு பார், வாசலுக்கு வளைந்து வளைந்து போகும் பாதை கட்டித் தூரத்தை நீட்டித்துக் காட்டியது. 2017 ஜூலையில் நகராட்சி எல்லைகளுக்கு உத்தரவு பொருந்தாது என்று நீதிமன்றம் விளக்கம் தந்தது. அப்படியும் மாஹேயில் வாங்கியதைப் பையில் போட்டுக்கொண்டு பாலம் தாண்டும் பயணி, மறுகரையில் கேரள கலால் ஜீப் நிற்கிறதா என்று ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொள்கிறார்.

தமிழ்நாட்டுக்குள் வருகிறவருக்குச் சில தேதிகள் மனப்பாடம் ஆகியிருக்கவேண்டும். குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி எங்கும் உண்டு. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, எந்தத் தொகுதியிலும் உண்டு. திருவள்ளுவர் தினமும் வடலூர் இராமலிங்கர் நினைவு நாளும் இங்கே மட்டும். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியவரின் பெயரால் ஒரு நாள் கடை மூடுவதை யாரும் குறை சொல்லமுடியாது.

உதகைக்குப் போகிறவரிடம் 2022 மே முதல் டாஸ்மாக் கடையில் பாட்டிலுக்கு ரூ. 10 கூடுதலாக வாங்குகிறார்கள். மலைச் சரிவுகளில் வீசப்படும் கண்ணாடி யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன விவகாரத்தின் விளைவு இது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் பரவியது. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாயும் திரும்பக் கிடைக்கும்.